சொன்ன தேதி

மதுமதி: ...உன் பிளவுஸுக்குக் கை மட்டும்தான் வைக்கணும். குந்து, அரை மணி நேரம்.

சிம்ரா: அந்தப் பையைத் திற.

மதுமதி: எதுக்கு?

சிம்ரா: திறடி... பாரு, துணி மடிப்புகூடக் கலையலை. இதுல கை வைக்கணுமாம், கை.

மதுமதி: மெதுவாப் பேசு. மாட வீதி முழுக்கக் கேக்குது.

சிம்ரா: புதன்கிழமைன்னு நீதானே சொன்னே? இன்னைக்கு வியாழன்.

மதுமதி: நீ மட்டும் யோக்கியமா? உன் தங்கச்சி நிக்காஹ் எப்போன்னு என்கிட்ட சொன்னே?

சிம்ரா: ஞாயித்துக்கிழமை.

மதுமதி: எந்த ஞாயித்துக்கிழமை?

சிம்ரா: முதல்ல இந்தப் பையை மூடு.

மதுமதி: பேச்சை மாத்தாதே, மேனேஜரம்மா.

சிம்ரா: இந்த ஞாயிறு இல்லை... அதுக்கு அடுத்தது.

மதுமதி: தெரியும். உங்கம்மா சகினா ஆன்ட்டி முந்தாநாளே பத்திரிகை வெச்சுட்டுப் போனாங்க. ஒன்பதாவதுலேந்து ஒரே பெஞ்சு, என்கிட்டயே பொய்.

சிம்ரா: நிஜத் தேதி சொன்னா நீ கடைசியிலதான் கையில எடுப்பே.

மதுமதி: ஆமா. நிஜத் தேதி நான் சொன்னா நீ பக்கத்துக் கடைக்குப் போயிடுவே. நீயும் ஒரு வாரம் முன்னாடி இழுத்துச் சொல்றே, நானும் முன்னாடி இழுத்துச் சொல்றேன். எல்லாருக்கும் துணி நேரத்துக்குக் கிடைச்சுகினுதான் கீது. இதுல யாருக்கு இன்னா கஷ்டம்?

சிம்ரா: சரி, விடு. உன்கிட்ட வேற ஒண்ணு கேக்கணும். ஆபீஸ் விஷயம்.

மதுமதி: இரு, இந்தக் கொக்கியை முடிச்சுக்கிறேன். நந்தனத்துல ஏசியில குந்திகினு நீ இன்னா வேலை செய்றேன்னு எங்க வூட்டுக்காரரு நேத்துகூடக் கேட்டாரு. புரொடக்ட் மேனேஜர்னேன். எந்த புரொடக்ட்டை விக்கிறாங்கன்னாரு.

சிம்ரா: விக்கிறது இல்லை. நீ துணி அளவும் தேதியும் போட்டு வைக்கிறியே, அந்தத் தையல்கடை ஆப்புல எதை வைக்கணும், எதை வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்றது.

மதுமதி: அதை ஏஐ பண்ணிடுதுன்னு போன வாரம் பெருமையாச் சொன்னே.

சிம்ரா: முடிவு என்னோடது. அது படிச்சுத் தொகுத்துக் குடுக்கும். ஆப்பைப் பத்தி வந்த புகார் எண்ணூத்திப் பன்னெண்டு. நான் படிச்சா ரெண்டு வாரம். அதுகிட்ட குடுத்தேன், ரெண்டு நிமிஷம். துணி என்னைக்குக் கிடைக்கும்னு தெரியாம அலையறதுதான் பெரிய புகார்னு சொல்லிடுச்சு. அதனால, நீங்க போட்ட தேதி அன்னைக்குக் காலைல வாடிக்கையாளருக்குத் தானா ஒரு மெசேஜ். 'இன்று உங்கள் துணியை வாங்கிக்கொள்ளலாம்'னு.

மதுமதி: ம்ம்.

சிம்ரா: என்ன, வெறும் 'ம்ம்'?

மதுமதி: வாயில குண்டூசி. சொல்லு.

சிம்ரா: அப்படி ஒண்ணு விட்டா என்ன ஆகும்? சும்மா... ஒரு கற்பனைக்கு.

மதுமதி: கற்பனைக்கா? நான் ஷட்டரைத் தூக்குறதுக்குள்ள வாசல்ல பதினோரு பேர் நிப்பாங்க. அதுல ஒரு அம்மா அபிராமபுரத்துலேந்து ஆட்டோ புடிச்சு வந்திருப்பாங்க. போனைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா காட்டுவாங்க. கரண்ட் இல்லைன்னும் சொல்ல முடியாது, எதிர்ல ஜெராக்ஸ் மிஷின் ஓடிகினு இருக்கும்.

சிம்ரா: அது என்ன பதினோரு பேர்? எண்ணி வெச்ச மாதிரி.

மதுமதி: குத்துமதிப்புதான். நீ ஏன் வெளுத்துப்போறே?

சிம்ரா: நாளைக்குப் பத்து மணிக்கு மீட்டிங். கடைக்காரங்க விலகிப்போக ஆரம்பிச்சா இந்த ஆப்பை மூடிடலாம்னு எங்க பாஸ் ஜவஹர் சார் போன மாசமே சொல்லிட்டார். மூடினா என்னோட சேர்த்து நாலு பேர் வேற வேலை தேடணும்.

மதுமதி: இதை மொதல்ல சொல்ல மாட்டியா? சரி, அந்த ஏஐகிட்ட இன்னா கேட்டே? கேட்ட வார்த்தையை அப்படியே சொல்லு.

சிம்ரா: 'வாடிக்கையாளருக்கு என்ன வேணும்?'

மதுமதி: கடைக்காரங்களுக்கு இன்னா வேணும்னு?

சிம்ரா: ...கேக்கலை.

மதுமதி: இப்போ கேளு. என் எதிர்ல.

சிம்ரா: போன்லயே கேக்கறேன்... கடைக்காரங்க எழுதினது எண்ணூத்திப் பன்னெண்டுல முப்பத்தொண்ணுதானாம். அதை வெச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியாதாம். அய்யோ மது... இதை முதல் தடவையே சொல்லியிருக்கு. பதிலோட கடைசி வரி. நான் மேல இருந்த மூணு வரியை மட்டும் எடுத்து ஸ்லைடுல போட்டுட்டேன்.

மதுமதி: அப்போ அதைத் திட்ட முடியாது.

சிம்ரா: முடியாது. இரு, வேற மாதிரி கேக்கறேன். கடைங்க தேதியை மாத்தின பதிவையும் குடுத்துட்டு... 'இந்த மெசேஜால யாருக்குக் கஷ்டம் வரும்? எதை வெச்சுச் சொல்றேன்னு காட்டு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு.'

மதுமதி: டீச்சர் மாதிரி கீது.

சிம்ரா: இப்படிக் கேட்டாத்தான் ஒழுங்கா வரும். பாரு... பத்துல ஏழு கடை, குடுத்த தேதியை அப்புறமா மாத்தியிருக்காங்க. ஏன்னு அதுக்குத் தெரியலை. கடைக்காரங்களை நேர்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்குது.

மதுமதி: எங்க யாரு எழுதி வெச்சிருக்கா, அதுக்குத் தெரியறதுக்கு? நான் சொல்ற தேதி ஒண்ணு, மனசுல கீற தேதி ஒண்ணு. ஆப்புல போடறது சொன்ன தேதி.

சிம்ரா: அதையே எழுதறேன். நீ சொன்னபடியே... ம். அப்போ மெசேஜ் எப்போ போகணும்?

மதுமதி: தைச்சு முடிச்சு, மடிச்சு, கவர்ல போட்டப்புறம் நான் 'ரெடி'ன்னு ஒரு பட்டனை அமுக்கறேன். அப்போ போகட்டும்.

சிம்ரா: இதுல என்ன ஓட்டைன்னு அதையே கேக்கறேன்... கடைக்காரர் அமுக்க மறந்துட்டா என்ன பண்ணுவீங்கங்குது.

மதுமதி: தைச்ச துணி அலமாரியை அடைச்சுகினு கெடக்கும். வந்து வாங்கிகினு போனா போதும்னு இருப்பேன், மறப்பேனா? அதைச் சொல்லு.

சிம்ரா: சொல்லிட்டேன். ஒத்துக்குது... ஆனாலும் அஞ்சு கடையில ஒரு வாரம் பார்த்துட்டு எல்லாருக்கும் விடுங்குது. சரிதான். நாளைக்கு இதைத்தான் காட்டப் போறேன். அந்த முப்பத்தொண்ணு கணக்கையும் முதல் பக்கத்துலயே போட்டுடறேன்.

மதுமதி: போடு. இப்போதான் மூஞ்சில ரத்தம் ஓடுது. டீ சொல்லட்டுமா?

சிம்ரா: சொல்லு... மது.

மதுமதி: இன்னா?

சிம்ரா: கற்பனைக்குன்னு கேட்டேனே... அது கற்பனை இல்லை. இன்னைக்குக் காலைல நாப்பது கடைக்கு விட்டுப் பார்த்தோம். உன் கடையும் அதுல இருக்கு. பதினொண்ணரைக்கு நிறுத்திட்டேன், ஆனா போனது போனதுதான். வந்ததும் சொல்லணும்னுதான் கிளம்பினேன்... வாய் வரலை. மன்னிச்சுக்கோடி.

மதுமதி: தெரியும். காலைல வாசல்ல நின்னவங்களுக்குப் பதில் சொன்னவ நான்தானே. மத்தியானம் எங்க தையல்கடை குரூப்புல எல்லாரும் ஆப்பை அழிச்சிடலாமான்னு கேட்டாங்க. 'சாயங்காலம் வரைக்கும் பொறுங்க, அந்தப் பொண்ணு இங்க வருவா, தானா சொல்றாளான்னு பாக்கறேன்'னு போட்டு வெச்சேன்... இரு, அழிக்க வேணாம்னு போட்டுட்டு டீ சொல்றேன்.