அண்ணாச்சிக்கு எடுத்த கோடி

மேடையில் வீற்றிருக்கும் ஜவுளி வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, அண்ணாச்சியின் அருமை மகள் எலினா அவர்களே, ஜெபதுரை அண்ணாச்சி கடையில் எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு எதிரே அமர்ந்திருக்கும் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் எதிர்க்கடை சுந்தரபாண்டியனின் வணக்கம். என் கடை வேட்டி இந்த இரங்கல் கூட்டத்தில் ஒன்றுகூடத் தென்படவில்லை. இருக்கட்டும், இன்றைக்கு அதற்காகச் சண்டைக்கு வரவில்லை.

நாளை மறுநாள் எலினா கோயம்புத்தூருக்குத் திரும்புகிறார். "மாமா, கடைய என்ன செய்ய? யாருக்காவது குடுத்துறட்டுமா?" என்று நேற்று என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

ராஜபாளையம் பஜாரில் வேட்டி விற்றவர்கள் எத்தனையோ பேர். விற்ற வேட்டியைக் கட்டியும் விட்டவர் யார்? கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பிள்ளைகள் விழாவுக்கு வேட்டி எடுக்கக் கூட்டமாக வருவார்கள். கட்டத் தெரியாது. அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து ஒவ்வொருவனாக நிறுத்திக் கட்டிவிடுவார். "ஏலே, வயித்த உள்ள இழுக்காத! சாப்பிட்ட பொறவும் வேட்டி இடுப்புல நிக்கணும்லா!" ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

அண்ணாச்சி சம்சாரம் ஏசம்மாள் மதினி இறந்து போன பிறகு, கடைக்கு மேலே இருந்த அந்த வீட்டில் அவருக்கு யார் இருந்தார்கள்? கடைக்கு வருகிறவர்கள்தான் இருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு துண்டு வாங்கப் பஸ் ஏறி வந்து, மத்தியானம் வரை பேசிவிட்டுப் போவார்கள். யாரும் வராத நேரத்தில் தெருவைத் தாண்டி என்னோடு சத்தம் போட்டுப் பேசுவார்.

துக்க வீட்டில் இறந்தவருக்குப் போர்த்தக் கோடித் துணி எடுக்க வருகிறவர்களிடம் மட்டும் அவர் வேறு ஆள். கடைப் பெயர் போட்ட பையில் போடாமல் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். "போயிட்டு வாங்க" என்று சொல்லவே மாட்டார். கோடி எடுத்தவரை மறுபடியும் வா என்று சொல்லலாமா? தலையை மட்டும் அசைப்பார்.

அவர் இறந்த அன்று என்ன நடந்தது தெரியுமா? கோடி எடுக்க ஆள் வருமே என்று என் கடை ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தேன். மம்சாபுரம், தேவதானம் என்று நாலு திசையிலிருந்தும் வந்தார்கள். வந்து எங்கே நின்றார்கள்? பூட்டிக் கிடந்த அண்ணாச்சி கடை வாசலில்! பழகிய கால் அங்கேதான் போயிருக்கிறது! "இங்க வாங்கய்யா" என்று கூப்பிட்டேன். மம்சாபுரம் மாரிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "அண்ணாச்சிக்கு வேற கடையிலயா எடுக்கச் சொல்லுதீரு?"

எனக்குக் கோபம் வந்ததா? இல்லை ஐயா, பொறாமை வந்தது! நான் போனால் எனக்காக இப்படி நிற்க யார் இருக்கிறார்கள்?

சத்தம் கேட்டு, அழுத கண்ணோடு எலினா மாடியிலிருந்து இறங்கி வந்து கடையைத் திறந்தார். அவருக்கு அப்பாவின் வழக்கம் தெரியாது. கோடி வேட்டியைக் கடைப் பையிலேயே போட்டு மாரிச்சாமி கையில் கொடுத்து, "போயிட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். நான் பதறிப் போனேன். மாரிச்சாமி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "வாரோம் தாயி" என்றார். பின்னால் நின்ற அத்தனை பேரும் வாங்கிக்கொண்டு அதையே சொன்னார்கள்.

எலினா அம்மா, அவர்கள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாமா? கடையைக் கொடுத்துவிடாதே! உனக்கு முடிந்தபோது நீ வா. அன்றாடம் ஷட்டரை நான் தூக்குகிறேன். என் கடையை என் மருமகள் கல்பனா பார்த்துக்கொள்வாள். வேட்டி கட்டத் தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு இனி நான் கட்டிவிடுகிறேன். இது இந்த அவை அறிய நான் கொடுக்கும் வாக்கு.

பெரிய மனது என்று யாரும் கை தட்ட வேண்டாம். அண்ணாச்சி போன நாளிலிருந்து என் கல்லாவில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரே மூடிய ஷட்டர்தான் தெரிகிறது. என்னால் தாங்க முடியவில்லை. அங்கே போய் உட்கார்ந்துவிட்டால், அதை நான் பார்க்க வேண்டியதில்லை.