மாமாவின் காலுக்கேற்ற பாட்டு

எனக்கு வேகமான பாட்டுதான் பிடிக்கும், ஐயா. மாமாவுக்கு, அதாவது என் அக்கா புருஷனுக்கு, இழுத்து இழுத்துப் பாடுகிற பாட்டு. அவரவர் நடை எப்படியோ அப்படித்தான் அவரவர் பாட்டும்.

நாங்கள் கல் சுமக்கிற ஜோடி. தோளில் நீளக் கம்பு, நடுவில் கயிற்றில் தொங்கும் கருங்கல் பலகை. முன்னால் மாமா, பின்னால் நான். தடுக்கினாலும் கம்பு நழுவாதபடி இரு முனையிலும் கயிற்று வளையம் உண்டு. ஆளுக்கொன்றை அக்குளில் மாட்டிக்கொள்வோம். கால்கள் ஒன்றாக விழவேண்டும். பிசகினால் கல் ஊசலாடும். அதற்காகவே என் சட்டைப்பையில் செல்போன் பாடிக்கொண்டு வரும். மாமாவின் பாட்டுதான்.

"பெரியவரே, மேல போய்ச் சேர்றதுக்குள்ள பின்னால வர்றவனுக்கு மீசை நரைச்சிடும்" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"கல்லுக்கு என்னய்யா அவசரம்?" என்பார் மாமா.

மேஸ்திரிக்கு அவசரம். "உன்னைக் குத்தம் சொல்லலப்பா. நாளைக்கு வேற ஆளோட வா. இல்லன்னா நீயும் வராதே."

இந்த வேலையும் போனால் என் வீட்டில் அடுப்பெரியாது. வேகப் பாட்டைப் போட்டு மாமாவைப் பழக்கிப் பார்த்திருக்கிறேன். நாலெட்டு ஓடுவார், பிறகு கால் பின்னிக்கொள்ளும். "என் கால் கேக்க மாட்டேங்குது மாப்ள. கொஞ்சம் பொறுத்துக்க."

மேஸ்திரி சொன்னதை அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரைக் கழட்டி விட்டுடாத தம்பி. உன்னை விட்டா அவரை யாரு சேத்துக்குவா?" கழட்டி விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறவன் இல்லை நான். கழற்றி விடவில்லை.

மறுநாள் மேஸ்திரி வருவதற்கு முன்பே கல்லைத் தூக்கினோம். மூன்றாம் மாடிச் சாரப்பலகையில், ஓரத்தில் தடுப்பில்லாத இடத்தில், பாட்டை மாற்றினேன். மாமா வேகமெடுத்தார், பாவம், எனக்காக. கால் பின்னியது. கல் ஆடியது.

"மாப்ள, பழைய பாட்டப் போடுடா."

என் தோளிலிருந்து கம்பு இறங்கியது. கல்லோடும் கம்போடும் மாமாவும் போனார். என் பையில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

விபத்து என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரே கம்பைச் சுமந்தவர்களில் ஒருவன் மட்டும் எப்படித் தப்பினான் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஏறும்முன் மாமாவின் வளையத்தை இறுக்கி மாட்டிவிட்டவன் நான்தான். என்னுடையதை மாட்டவில்லை. பாட்டை மாற்ற ஒரு கை தாராளமாக அசைய வேண்டுமே, அதற்காகத்தான்.