மேகம் பார்க்கப் போன ராக்கெட்

ஒரகடத்திலிருந்து ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“எந் தங்கச்சிக்கு நல்லபடியா கொயந்த பொறந்ததுக்கு, ஒரு சைனா ராக்கெட்டுக்குத்தான்க்கா நன்றி சொல்லணும்.”

“இன்னாடி சொல்ற?”

“எங்க லைன்ல மெஷின் மாட்ட வந்த சைனாக்காரரு, அன்னிக்கு போன்ல சாட்டிலைட்டு எடுத்த மேகப் படத்தப் பாத்துட்டு, ‘பெரிய மழை வருது, இவ தங்கச்சி நெறமாசம், இவள அனுப்பிடுங்க’ன்னு சூப்பர்வைசராண்ட சொன்னாரு. நான் ஓடிப்போயி தங்கச்சிய ஆஸ்பத்திரில சேத்தேன். அப்புறந்தான் எங்க ஊரு மணிமங்கலம் ரோடு தண்ணில முழுவிச்சி.”

“அதுல ராக்கெட்டு எங்க வந்துச்சி?”

“அவங்க நாட்டு மொத வானிலை சாட்டிலைட்ட ஏத்தின ராக்கெட்ட செஞ்சவங்கள்ல அவரு அப்பாவும் ஒருத்தராம். இப்ப அந்த ராக்கெட்டு மாடலும் ரிட்டயர்டு, பெரியவரும் ரிட்டயர்டு. நேத்து வீடியோ கால்ல கொயந்தயக் காட்டி அவரக் கும்பிட்டேன்.”

“இன்னா சொன்னாரு?”

“மவன் கேட்டுச் சொன்னாரு. கொயந்த எத்தினி கிலோன்னு கேக்குறாராம்.”