பரிபூரணத்தின் முழங்கை

வலி இல்லாத ஒரு வலது கையின் விலை முந்நூற்று நாற்பது ரூபாய். பேரம் பேசுகிறவருக்கு இருநூற்று எண்பது. ராஜபாளையத்தில் என் கடைக்கு வந்திருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டையாவுக்கும் இதைத்தான் சொல்லியிருப்பேன். உட்கார்ந்ததிலிருந்து முழங்கையின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறார். அந்த இடம்தான். காபி டம்ளரைத் தூக்கினால்கூடச் சுள்ளென்று இழுக்கும். டென்னிஸ் எல்போ என்று பெயர். இந்த ஜில்லாவில் டென்னிஸ் ஆடி அது வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் முதலில் கேட்டது நியாயமான கேள்வி. முழங்கையில் இறுக்கமாக மாட்டும் அந்தக் கை உறை வலியைக் குறைக்குமா, குறைக்காதா? கொஞ்சம் குறைக்கும். இறுக்கிப் பிடிப்பதால் சூடு தங்கும். கைக்கு ஒரு துணை இருப்பதுபோல் தோன்றும். சிலருக்கு அதுவே போதும். ஆனால் எலும்போடு தசை சேரும் இடத்தில் நைந்துபோனதை அது ஒட்டவைக்காது. அதற்கு ஓய்வு வேண்டும், பிறகு பொறுமையாகச் செய்கிற பயிற்சி வேண்டும். ஓய்வைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது. முடிந்திருந்தால் நான் வேறு தொழிலே தேடியிருக்க மாட்டேன்.

என் அப்பா பேண்டேஜ் துணி வியாபாரி. எங்கள் ஊரில் அது பெரிய விஷயமில்லை. கல்லை விட்டெறிந்தால் ஒரு பேண்டேஜ் தறியின்மேல்தான் விழும், கட்டுப்போடத் துணியும் அங்கேயே கிடைக்கும். "சரக்கு பேசாதுடா லிங்கேஸ்வரா, சாட்சிதான் பேசும்" என்பார். புதுச் சரக்கு வந்தால் தெருவுக்கு ஒரு ஆளைப் பிடித்து இலவசமாகக் கொடுப்பார். பணக்காரருக்குக் கொடுக்க மாட்டார். பொய் சொல்ல வராத ஆளாகப் பார்த்துக் கொடுப்பார். மற்றதை அந்த ஆளின் வாய் விற்றுக் கொடுக்கும்.

ஏற்றுமதி ஆர்டர் ஒன்று ரத்தாகி, லாரி நிறையக் கை உறைகள் மலிவாக வந்தபோது, என்னிடம் இருந்ததையும் என் மனைவி கழுத்தில் இருந்ததையும் போட்டு எடுத்தேன். பெட்டியின்மேல் 'வலி போகாவிட்டால் பணம் வாபஸ்' என்று நானே அச்சடித்து ஒட்டினேன். விற்க வேண்டிய இடமும் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர்.

பால்கோவா கிண்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பால் கொதி வந்ததிலிருந்து இறக்கும்வரை துடுப்பு நிற்கக் கூடாது. செத்த நேரம் நின்றால் அடிப்பிடிக்கும், வட்டை என்கிற அந்தப் பெரிய சட்டி முழுவதும் தீய்ந்த வாடை வந்துவிடும், அன்றைய கூலி போகும். அதனால் அங்கே கை வலித்தால் கையை மாற்றுவார்கள், நிறுத்த மாட்டார்கள். அந்த ஊரில் எனக்கு வேண்டிய முழங்கைகள் வரிசையாக இருந்தன.

பரிபூரணம், பால்கோவாக் கடைக்காரர் விஜயபாண்டியின் அடுப்படியில் துடுப்புப் பிடித்தவள். ஆண்கள் வேலை என்று சொன்ன இடத்தில் நின்று அவர்களைவிட நல்ல பதத்தில் இறக்கினாள். புருஷன் இல்லை. மகள் பிரிஸ்கில்லா லேப் டெக்னீசியன் படிப்பு. பரிபூரணம் ஒன்றைச் சொன்னால் அந்தத் தெரு மறுத்துப் பேசாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் காணிக்கையை எண்ணும் வேலையைப் பாதிரியார் அவளிடம்தான் கொடுத்திருந்தார்.

நான் முதல் உறையை இலவசமாக அவள் கையில் மாட்டிவிட்டபோது பக்கத்து அடுப்பில் நின்ற சங்கிலிப்பாண்டி சிரித்தான்.

"என்ன அண்ணாச்சி, மாட்டுக்கு லாடம் கட்ட வந்தீயளோ?"

"ஏலே சங்கிலி, வாயைக் கிண்டாம கோவாவைக் கிண்டு" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் போனேன். தெருவே காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"சொன்னா கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. மொத நா இதமா இருந்துச்சு. பொறவு பழைய குருடி கதவைத் தெறடின்னு ஆயிருச்சு. நாளைக்குக் கழட்டித் தாரேன்."

அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அதுவரை விற்ற உறைகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் திரும்பி வரப் போகின்றன என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு வாரம் பொறுத்துக்கொள் தாயி என்றேன். மறுநாளிலிருந்து அடுப்படிக்கு டீ கொண்டுபோனேன். எல்லோருக்கும் சாதா டீ. அவளுக்கு மட்டும் தனி ஃபிளாஸ்க்கில் இஞ்சியும் கருப்பட்டியும் தூக்கலாகப் போட்ட டீ. வலி மாத்திரையைப் பொடித்துப் போட்டால் கசக்கும்; கருப்பட்டி அதை அமுக்கிவிடும்.

ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். இதை நம்புங்கள்.

அந்த வாரக் கடைசியில் அவள் பால் கேனை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினாள். "இங்க பாருங்கலே, உறைனா இதுதான் உறை" என்றாள். சாயங்காலத்துக்குள் கொண்டுபோன பெட்டிகள் தீர்ந்தன. வத்திராயிருப்பில் தேங்காய் உரிக்கிறவர்கள் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். வாங்கியவர்களில் சிலருக்குக் கொஞ்சம் குணம் தெரிந்தது. தெரியாதவர்கள், பரிபூரணத்துக்குச் சரியாகும்போது நமக்கு ஆகவில்லை என்றால் கோளாறு நம் கையில்தான் என்று பேசாமல் இருந்தார்கள். ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

அதன் பிறகு நிறுத்தலாம் என்றால் வழி இல்லை. மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒரு நாள் டீ தவறியது. மறுநாள் அவள், "நேத்து உறை வேலை செய்யல அண்ணாச்சி" என்றாள். துவைத்துத் துவைத்து இழுவை போயிருக்கும் என்று சொல்லிப் புது உறை கொடுத்தேன். புது டீயும் கொடுத்தேன். வலி தெரியாததால் அவள் தீபாவளிக்கு இரட்டை வட்டை ஏற்றாள். கை உள்ளுக்குள் இன்னும் கிழிந்தது. கிழியக் கிழியப் பொடியைக் கூட்ட வேண்டியிருந்தது. எனக்குக் காய்ச்சல் என்றாலும் பஸ் ஏறிப் போனேன். அவள் துடுப்பை விட முடியாது, நான் ஃபிளாஸ்க்கை விட முடியாது. யார் அதிகம் மாட்டிக்கொண்டிருந்தோம் என்று அப்போது கேட்டிருந்தால் நான்தான் என்று சொல்லியிருப்பேன்.

கார்த்திகைக்குப் பிறகு அவள் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றது.

"என்னான்னு தெரியல அண்ணாச்சி. மூஞ்சியும் உப்புனாப்புல இருக்காம், பிரிசி சொல்லுதா."

"நின்னுக்கிட்டே இருக்கேல்ல தாயி, அதான். உப்பைக் கொற" என்றேன்.

காலுக்கும் இறுக்கமான நீள உறை உண்டு. முழங்கால்வரை வரும். அதைப் பாதி விலைக்குக் கொடுத்தேன். இலவசமாகவே கொடுத்திருப்பேன், சும்மா கொடுத்தால் சந்தேகப்படுவாள் என்று தோன்றியது. மாத்திரை அட்டையோடு வரும் சீட்டில் சிறுநீரகம் என்ற சொல் இருப்பது எனக்குத் தெரியும். பொடி எழுத்து. எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது.

தை பிறப்பதற்கு முன்னால் வாந்தியும் மூச்சிரைப்புமாக மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வாடகைக் கார் நான் பிடித்தது. டாக்டர் வயதில் சின்னப் பெண். சோதனை முடிவில் சிறுநீரகம் கெட்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"வலி மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லம்மா. எனக்கு மாத்திரைனாலே ஆகாது. அண்ணாச்சி குடுத்த உறை மட்டுந்தான்."

"மறைக்காதீங்க. மருந்து எதுன்னு தெரிஞ்சாத்தான் நிறுத்தி உங்களைக் காப்பாத்த முடியும்."

"சத்தியமா இல்ல. வேதத்தைக் கொண்டாரச் சொல்லுங்க, தொட்டுச் சொல்லுதேன்."

டாக்டர் நம்பவில்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் பழப்பையோடு நின்றிருந்தேன். நான் வாயைத் திறந்தேன். "சாத்துக்குடி குடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் டீ கிடையாது. மெல்ல உடம்பு தேறியது. இன்னும் சில நாள் இப்படியே போனால் சிறுநீரகம் திரும்பிவிடும் என்று டாக்டர் பிரிஸ்கில்லாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வலியும் திரும்பியது. பார்க்க வந்த சங்கிலிப்பாண்டியிடம் அவள் சொன்னாள்:

"உறைல ஒண்ணுமில்ல போல சங்கிலி. போட்டுத்தான் இருக்கேன், உசிரு போவுது. தெருவுல சொல்லிரு, பாவம், காசைக் கரியாக்க வேண்டாம்."

சங்கிலிப்பாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் அன்று சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஃபிளாஸ்க்கோடு போனேன். வீட்டு டீ குடித்து நாளாயிற்றே தாயி என்றேன். அவள் கண் கலங்கிவிட்டாள். "எம்புட்டுத் தூரம் பஸ்ல கொண்டாந்திருக்கிய" என்றாள். அடுத்தடுத்த காலைகளிலும் போனேன். டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் போனேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வலி குறைந்துவிட்டது, உறை நல்ல உறைதான் என்று சங்கிலிப்பாண்டிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அன்று ராத்திரி மூச்சு நின்றது.

அடக்கத்துக்கு முந்தி, பிரிஸ்கில்லா அந்த ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. கடைசியாக ஊற்றிய டம்ளரின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்திருக்கிறது. அழவில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்ததை மூடியில் ஊற்றி நீட்டியது.

"அண்ணாச்சி, இதைச் செத்தக் குடிச்சுக் காட்டுங்க."

"எனக்குச் சுகர் இருக்கு தாயி" என்றேன். அது மூடியை நீட்டியபடியே நின்றது. அவ்வளவுதான், பிறகு நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே, கொன்றது நான்தான். அதில் பேரம் இல்லை. ஆனால் வியாபாரி வீட்டில் பிறந்தவன். கணக்கை முடிக்காமல் எழுந்து பழக்கமில்லை. என் பற்றில் ஒரு முழங்கை, இரண்டு சிறுநீரகம், பிரிஸ்கில்லாவின் தாய். வரவில் முதல் உறை இலவசம், மாற்று உறை இலவசம், கால் உறையில் பாதி விலை தள்ளுபடி, மதுரைக்குக் கார் வாடகை வாங்கவில்லை. இன்னும் ஒன்றை விட்டுவிட்டீர்கள், ஏட்டையா. என் சரக்கில் அவள் வலியை உண்மையிலேயே போக்கியது அந்த டீ ஒன்றுதான். அதற்கு நான் ஒரு நாளும் காசு வாங்கியதில்லை. அதையும் வரவில் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பாக்கி என் பக்கம் அதிகம் நிற்காது.