சனிக்கிழமைக் குழுவில் என் மகள்

தருமபுரி மாவட்டம், ஒசூர் சிப்காட்டுக்குப் பின்புறம், நாராயணப்பன் லைன் வீடுகளில் நான்காம் எண் வீட்டில் குடியிருக்கும் மாடசாமி மனைவி வீரலட்சுமி, வயது 28, 17.9.1996 அன்று காவல் நிலையத்தில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். திருமணமாகி எட்டு வருடம் ஆகிறது. என் கணவர் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். நான் வீட்டில் துணி தைக்கிறேன். முத்துமணி என்று ஐந்து வயதில் ஒரே மகள். என் கணவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. குழம்பு ஆறியிருந்தாலும், கதவைத் திறக்கத் தாமதமானாலும் என்னை அடிப்பார். மகள் மேல் கை வைத்ததில்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன்.

சென்ற பிப்ரவரி முதல் முத்துமணி பால்வாடியில் யாரிடமும் பேசவில்லை. பக்கத்தில் வந்த பிள்ளைகளைக் கடித்தாள். வீட்டில் தண்ணீர்கூடக் கேட்க மாட்டாள். பால்வாடி டீச்சர் நஞ்சம்மா என் கையில் இருந்த காயத்தைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழம சரோஜம்மாகிட்ட கூட்டிட்டுப் போம்மா. இந்த மாதிரி கொழந்தைங்க அங்க வர்றாங்க" என்றார்.

சரோஜம்மாள் பெங்களூரில் மனநல ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அடிதடியைப் பார்த்து வளரும் சிறுபிள்ளைகள் எட்டுப் பேரை மகளிர் மன்றக் கட்டிடத்தில் ஒன்றாக உட்கார வைத்து, துணிப் பொம்மைகளை வைத்து விளையாட விட்டுப் பேச வைப்பார். முதல் மூன்று வாரம் முத்துமணி என் சேலையை விடவில்லை. நானும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நான்காம் வாரம் சரோஜம்மாள், "வீட்ல சண்ட வர்றது யாரால?" என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்டார். எட்டுப் பிள்ளைகளும் தன்னால்தான் என்று கையைத் தூக்கினார்கள். அன்றுதான் முத்துமணி அங்கே வாய் திறந்து, "நான் தண்ணிய கொட்டிட்டேன். அதான் அப்பா அம்மாவ அடிச்சாரு" என்றாள். நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குள் கன்னடம் பேசும் ஒரு பெண் பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன் தப்பில்லை என்று தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஒரு வாரமும் தவறவில்லை. அப்பா மேல் ஆசையும் இருக்கலாம், பயமும் இருக்கலாம், இரண்டும் சரிதான் என்று சரோஜம்மாள் சொல்வார். அப்பாவைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சண்டை வந்தால் நடுவில் போகக்கூடாது, பக்கத்து வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்று பொம்மைகளை வைத்துப் பழக்கினார்.

12.9.1996 வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் கணவர் என்னைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்தார். முத்துமணி வெளியே போய்ப் பக்கத்து வீட்டு வெங்கடம்மாவின் கதவைத் தட்டி, "எங்கம்மாவ அடிக்கறாங்க, வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். வெங்கடம்மா மாவுக் கையோடு வந்து, "கைய எடுப்பா. கொழந்த வந்து கூப்புடுது" என்றார். அதன் பிறகு என் கணவர் கையை எடுத்துவிட்டார். எட்டு வருடத்தில் அந்தக் கதவை நான் ஒரு நாளும் தட்டியதில்லை. அன்று முதல் நானும் மகளும் வெங்கடம்மா வீட்டில் இருக்கிறோம்.

மறுநாள் என் கணவர், சரோஜம்மாள் தனக்குத் தெரியாமல் பிள்ளையைக் கூட்டிப்போய்த் தனக்கு எதிராகத் திருப்பிவிட்டதாக இங்கே மனு கொடுத்தார். கூட்டிப்போனது நான். இன்று விசாரணையின்போது அவர் என்னைப் பார்த்து, "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றார். "சொன்னா விட்டிருப்பியளா?" என்று கேட்டேன். அதற்கு அவர், நான் பிள்ளையை இனி அனுப்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. என் கழுத்துக் காயத்தைக் காட்டித் தனியாக மனு கொடுத்திருக்கிறேன்.

சரோஜம்மாள் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். என் பிள்ளையை எனக்குத் திருப்பித் தந்தவர் அவர். வரும் சனிக்கிழமையும் நான் அவளைக் கூட்டிப்போவேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லி நானே கேட்டுக்கொண்டேன்.

மேலே உள்ளவை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் நடந்த உண்மை.

(ஒப்பம்) மா. வீரலட்சுமி