மேல் பலகை, கீழ் பலகை

சுஹானா: ...அசையாதேடா. இப்பதான் உன் கையத் தாண்டி ஒண்ணு போச்சு.

ஹைக்கல்: என்னது, கொசுவா?

சுஹானா: மியூவான். கண்ணுக்குத் தெரியாத துகள். மேகத்துக்கும் மேல எங்கயோ பொறந்து, உன் உள்ளங்கையில நுழைஞ்சு, துகள் பட்டா மின்னுற நம்ம ரெண்டு பலகையிலயும் மின்னிட்டு, கீழ அத்தனை மாடியையும்...

ஹைக்கல்: கீழ் வீட்டு காமாரியா மாமியோட மீன் கறிச் சட்டியையும்.

சுஹானா: அதையும்தான். யாருக்கும் தெரியாம.

ஹைக்கல்: பாவம்லா. எங்க போயி நிக்கும்?

சுஹானா: அதோ, பாலத்துக்குக் கீழ... கடலுக்கும் அடியில, மண்ணுக்குள்ள. தூங்கப் போற மாதிரி.

ஹைக்கல்: கவிதையெல்லாம் இருக்கட்டும். கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?

சுஹானா: குப்பை. எண்ணிக்கை மழையாக் கொட்டுது. திரும்பவும் பலகைக்குள்ள வெயில் பூந்திருக்கு.

ஹைக்கல்: அலாமாக்! வெளிச்சம் புகாம சுத்துன அந்தக் கறுப்பு டேப்பு ஜெலுத்தோங் பாசார் கடையில மலிவா வாங்குனது. சூடு பட்டா கழண்டுக்கும்.

சுஹானா: ஒவ்வொரு வாட்டியுமா? இது சரியா வந்தாதான் ப்ரொஃபசர் என்னை ஜெனீவாவுக்கு அனுப்புவாரு.

ஹைக்கல்: ம்... அங்க துகளப் புடிக்கிற டிடெக்டர் நம்ம ஃப்ளாட் உயரமாமே?

சுஹானா: பூமிக்கு அடியில. ரெண்டு துகள் மோதிக்கும். மோதுனத யாராலயும் பாக்க முடியாது. செதறுனது விட்டுட்டுப் போற தடயத்தப் புடிச்சு... நடந்ததச் சொல்லணும்.

ஹைக்கல்: பாக்காமலேயே?

சுஹானா: பாக்காமலேயே. ...உன் நகத்துல என்னடா கறுப்பு?

ஹைக்கல்: கிரீஸ். மோட்டார் செயின்...

சுஹானா: கிரீஸ் வழுக்கும். இது ஒட்டுது.

ஹைக்கல்: தேத்தண்ணி ஊத்தியாச்சு, குடிக்கலாமா?

சுஹானா: ஹைக்கல்.

ஹைக்கல்: சரி, நான்தான். ஒவ்வொரு வாட்டியும் கீழ் பலகையில டேப்ப ஒரு ஓரமாப் பிரிச்சு விட்டேன். நீ போயிட்டா... இந்த மொட்டை மாடிக்கு நான் எதுக்கு வரணும்? திட்டு. நல்லாத் திட்டு.

சுஹானா: தேத்தண்ணி ஆறுது. குடி.

ஹைக்கல்: கோவம் இல்லையா?

சுஹானா: ஒண்ணு கேக்கறேன். கம்ப்யூட்டர் எப்ப எண்ணும்?

ஹைக்கல்: ரெண்டு பலகையும் ஒரே நேரத்துல மின்னுனா. ஒண்ணு மட்டும் மின்னுனா கண்டுக்காது. நாமதானே அப்படிச் செஞ்சு வச்சோம்.

சுஹானா: நீ கீழ மட்டும்தான் பிரிச்சியா?

ஹைக்கல்: அல்லாமேல ஆணையா, மேல் பலகையத் தொடவே இல்ல! அப்போ... எண்ணிக்கை எப்படி...

சுஹானா: கீழ பிரிஞ்சிருந்தத மொத நாளே பாத்துட்டேன்டா, மண்டு. அது மட்டும் பிரிஞ்சா எண்ணிக்கை ஒண்ணும் கெடாதேன்னுதான் மேல் பலகைய நான் பிரிச்சேன்.