ஃபியட் கிளம்பாததற்குக் காரணம்

பிரிஜெட் அக்கா,

வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் புது பேட்டரி போட்டும் கிளம்பவில்லை என்று போனில் சொன்னீர்கள். கவலைப்பட வேண்டாம், அதில் கோளாறு எதுவும் இல்லை. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது என்றீர்கள். அந்த விளக்கு அணைந்தால் வண்டி கிளம்பிவிடும்.

ஓட்டுகிறவர் இருக்கையின் வலது ஓரத்தில் அடியில் கைவிட்டால் ஒரு பொத்தான் தட்டுப்படும். சாவியைத் திருப்பிய பத்து விநாடிக்குள் அதை அழுத்த வேண்டும். திருடனுக்கு அது தெரியாது என்பதுதான் அந்தக் கருவியின் பாதுகாப்பே. ஆனால் இப்போது நீங்கள் அழுத்தினாலும் விளக்கு அணையாது. முன்னால் இருக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஒயரின் இரண்டு வெள்ளை முனைகள் தனித்தனியாகக் கிடக்கும். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, டிக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

அவற்றைப் பிரித்துப் போட்டது நான்தான்.

சனிக்கிழமை மெக்கானிக் ஹெர்பர்ட் வந்து பார்ப்பார் என்றீர்கள். அவர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு முன்னால் நானே சொல்வது மரியாதை என்று பட்டது.

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு கார்கள் திருடு போன வருஷம் ஹெர்பர்ட் அந்தக் கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்ததும் ஒயர் முனைகளைக் காட்டி, "இது மட்டும் லூஸ் ஆச்சுன்னா வண்டி எடுக்காதும்மா. அழுத்தி விட்டா போதும்" என்றார். காபி கொடுக்கப் போன நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். அனந்தலக்ஷ்மி அக்கா உள்ளே உங்களோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை. காரும் வீடும் அவருடையவை. அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று வேறெதுவும் இருக்கவில்லை.

என் கணவர் இருந்தவரை அக்கா எனக்கு நாத்தனார். கணவர் போன பிறகு எனக்கு இருந்த ஒரே மனுஷி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆஸ்டின் டவுனுக்கு உங்கள் வீட்டுக்கு வருவார். நான் கேட்டைத் திறந்துவிடுவேன். திரும்பி வரும்போதும் திறந்துவிடுவேன். தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "பொங்கலுக்கு அப்புறம் பிரிஜெட் கூடவே போய் இருந்துடலாம்னு பாக்கறேன் வேதா. இந்த வீட்டுல நீ இரு, யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க." நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அவர் தட்டில் ரசம் ஊற்றினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனைகளைப் பிரித்தேன். ஒருநாள் அவர் வீட்டில் இருக்கட்டும் என்பதற்கு மேல் அப்போது எனக்கு எண்ணம் இல்லை. அவர் நாலைந்து முறை முயன்றுவிட்டு ஹெர்பர்ட்டுக்குப் போன் செய்ய உள்ளே போனார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போய்ச் செருகிவிட்டேன்.

"இன்னொரு தரம் பாருங்கக்கா."

உடனே கிளம்பியது.

"இப்ப எப்படி எடுத்துச்சு? முன்னயும் அழுத்தினேனே."

"இல்லக்கா. நீங்க அழுத்தவே இல்ல. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

ஒயரை இழுத்தது பெரிய விஷயமில்லை. இந்த வாக்கியம்தான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு எளிது என்று தெரிந்தது.

அவருடைய அம்மா கடைசி நாலு வருஷம் பெற்ற மகளையே தெரியாமல் இருந்தது உங்களுக்குத் தெரியும். குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் அக்காதான். ஒருநாள் கரண்ட் போயிருந்தபோது என்னிடம் சொன்னார்: "எனக்கும் அது வந்துச்சுன்னா நீதான் மொதல்ல சொல்லணும். மத்தவங்க பாவம் பாத்து மறைச்சிடுவாங்க." சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் வாக்கைக் காப்பாற்றினேன் என்றுகூடச் சில நாள் நினைத்துக்கொண்டதுண்டு.

ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை பதினொரு முறை. எல்லா வாரமும் இல்லை. சில வாரம் அவர் நிம்மதியாக உங்கள் வீட்டுக்கு வந்துபோகட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஹெர்பர்ட் இரண்டு முறை வந்தார்; அவர் வருவதற்குள் முனைகளைச் செருகிவிடுவேன். இரண்டாவது முறை கேட்டருகே என்னைத் தனியாகக் கேட்டார்: "அந்த ஜாயின்ட் லூஸ் இல்லையேம்மா?" நான் தினமும் பார்க்கிறேன், இறுக்கமாக இருக்கிறது என்றேன். அவர் அக்காவிடம் போய், தன் கன்னடம் கலந்த தமிழில், "ஏனூ இல்ல மேடம், எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ். பட்டன் ஒத்தறதுக்கு மறந்திருப்பீங்க. சும்னே டென்ஷன் ஆகாதீங்க. என் பொண்டாட்டி கேஸை அணைச்சோமான்னு மூணு தரம் பாப்பா" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தார். அன்று ராத்திரி எழுந்து போய் கேஸை மூன்று முறை பார்த்தார்.

டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். தேதி கேட்டார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அக்கா ஒன்றுகூடத் தவறவில்லை. அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம், "ஒன்றுமில்லை, வெறும் பயம். மறந்துவிட்டாய் என்று யாரும் அவரிடம் சொல்லாதீர்கள், போதும்" என்றார்.

"டாக்டர் என்ன சொன்னார் வேதா?"

"ஒண்ணும் சொல்லலக்கா. கூடவே இருந்து பாத்துக்கச் சொன்னார்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் விடவில்லை. என்னை அப்படி யாரும் பிடித்துக்கொண்டதில்லை.

ஜனவரியில் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பெட்டிகளைப் பின்சீட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். விளக்கு சிமிட்டியது. இந்த முறை ஹெர்பர்ட்டைக் கூப்பிடவில்லை. இறங்கி வந்து சாவியை என் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்கோ. நான் யாரையாவது ஏத்திக் கொன்னுடுவேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் வண்டிப் பக்கம் போகவே இல்லை. அதனால்தான் முனைகள் அப்படியே கிடக்கின்றன.

அப்புறம் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பால் வாங்கிவிட்டேனா, கதவைப் பூட்டினேனா என்று அவர் கேட்பார். ஆமாம் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தாமதிப்பேன். அவ்வளவுதான்.

நீங்கள் போன் செய்தபோதெல்லாம் தூங்குகிறார் என்றேன். வந்த மூன்று முறையும், ஆட்களைப் பார்த்தால் குழம்பிப் போகிறார், டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் என்று கேட்டிலேயே சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாவது முறை நீங்கள் கொண்டுவந்த பிளம் கேக்கை அவருக்குக் கொடுத்தேன். பிரிஜெட் வந்தாளா என்று கேட்டார். இல்லக்கா, அது போன கிறிஸ்துமஸுக்கு என்றேன்.

இரண்டு வருஷம் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அதை யாரும் மறுக்க முடியாது. துணி சுத்தம், வேளைக்கு மாத்திரை, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். போன மாதம் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டார். அதற்கு ஒரு வாரம் முன்பு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துவிட்டு, "எனக்குப் பசிக்குதா வேதா?" என்று கேட்டார். ஆமாக்கா, பசிக்குது என்றேன். சாப்பிட்டார். அன்றைக்குத்தான் நான் முதன்முறையாக பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனால் அப்போதும் எழுந்து போய் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பியிருப்பாரா என்று இதைப் படிக்கும் உங்களைப் போல நானும் யோசிக்கிறேன். நான் சொன்னதை எல்லாம் நம்பினார். இதையும் நம்பியிருப்பார். எழுந்து உங்களிடம் வந்திருப்பார்.

வண்டி உங்களுக்குத்தான் என்று எழுதி வைத்திருந்தது நியாயம். கண்ணாடிக்கு மேலே வெயில் மறைப்பை இறக்கினால், உள்பக்கம் அவர் ஒட்டிய காகிதம் இருக்கும். விதான சௌதாவில் உங்களோடு இருபத்தாறு வருஷம் கோப்பு எழுதிய அதே கையெழுத்து. சாவியைத் திருப்பு. சிவப்பு விளக்கைப் பார். பொத்தானை அழுத்து. அணைந்ததும் ஸ்டார்ட் செய். இந்த நான்கும் நீல மையில் இருக்கும். வண்டி எடுத்த கடைசி வாரங்களில் கீழே கறுப்பு மையில் ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்: வேதாவிடம் கேள்.

முதல் நான்கையும் வரிசையாகச் செய்யுங்கள் அக்கா, வண்டி கிளம்பிவிடும். ஐந்தாவதை மட்டும் செய்ய வேண்டாம்.

வேதநாயகி